பந்தைத் தராத கூட்டம்

முதுகுக்குப் பின்னால் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது. காய்ந்த மூங்கில் முறிந்தது போல ஒரு சத்தம். என் முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. கண்கள் வானத்தில் எதையோ பின்தொடர்ந்தன. பிறகு எல்லாக் கண்களும் என்னை நோக்கி இறங்கி வந்தன. நான் குனிந்துகொண்டேன். தலைப்பாகைக்கு ஒரு சாண் மேலே விர்ரென்று எதுவோ போய்க் கூட்டத்துக்குள் விழுந்தது.

விழுந்த இடத்தில் கொஞ்சம் சலசலப்பு. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. பந்து திரும்பி வரவில்லை.

விழுப்புரம் ரயில்வே மைதானத்தில், கிழக்குப் பக்கத்துக் கயிற்றோரம் நான் பந்தோபஸ்து நின்ற நாள் அது. ஆகஸ்ட் போராட்டத்தில் ஊர் ஊராகத் தந்திக் கம்பிகளை அறுத்து, தண்டவாளங்களைப் பெயர்த்தார்களே, அதற்கு அடுத்து வந்த மாசி மாதம் என்று நினைவு. ரயில்வே அணிக்கும் திண்டிவனம் ஊர் அணிக்கும் வருஷா வருஷம் நடக்கும் ஒருநாள் ஆட்டம். கோப்பை பல வருஷங்களாக ரயில்வேக்காரர்களின் கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது.

அந்த வருஷம் அது கை மாறப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரயில்வேக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் கோப்பை திண்டிவனத்துக்கு. பொழுது சாய்வதற்குள் விழாவிட்டால் ஆட்டம் சமன். சமன் என்றால் போன வருஷம் ஜெயித்தவர்களே கோப்பையை வைத்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில்தான் பந்து கூட்டத்துக்குள் போனது. கூட்டத்தில் பெரும்பாலோர் திண்டிவனத்துக்காரர்கள். காலை ரயிலில் தொற்றிக்கொண்டும், மாட்டு வண்டிகளிலும் வந்தவர்கள். அவர்கள்தான் பந்தைத் தர மறுத்தார்கள்.

ஆட்டத்துக்கு முதுகு

கிரிக்கெட் பந்தோபஸ்தில் போலீஸ்காரனுக்கு ஒரே ஒரு விதி. ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. முகம் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், முதுகு ஆட்டக்காரர்களுக்கு.

இதை நான் கற்றுக்கொண்டது சென்னையில். வேலையில் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு அணி ஒன்று ஆட வந்தது. ஜில்லாக்களிலிருந்தெல்லாம் எங்களை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒருவர் குதிரைமேல் கயிற்றோரமாகவே சுற்றி வருவார். எந்தக் கான்ஸ்டபிளாவது கழுத்தைத் திருப்பினால், கையிலிருக்கும் சிறு பிரம்பால் அவன் தோளைத் தொடுவார். வலிக்காது. ஆனால் கூட்டம் சிரிக்கும்.

பனமலை ஏரிக்கரையில் உழுதுகொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. இரண்டு வருஷம் ஏரி நிரம்பாததால் நான் போலீசுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நின்றேன். உயரம் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. சென்னையில் நின்ற அந்த நாட்களில் ஜனங்களின் முகத்தைப் பார்த்தே ஆட்டத்தைப் புரிந்துகொள்ளப் பழகினேன். வாய் திறந்து கண் மேலே போனால் உயர அடித்திருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்தால் யாரோ பிடியைத் தவற விட்டிருக்கிறார்கள். சட்டென்று எழுந்து நின்றால் ஒருவன் அவுட்.

சென்னைக் கூட்டம் சொன்னபடி கேட்டது. குடையை மடக்கச் சொன்னால் மடக்கினார்கள். அப்போதெல்லாம் நான் கயிற்றோரம் நிற்பது ஆட்டம் நன்றாக நடக்கத்தான் என்று நம்பினேன். அவர்களும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

விழுப்புரத்துக் கயிறு

அந்த மாசி மாதத்தில் யாரும் அப்படி நம்பவில்லை. அதற்கு முந்தின சில மாதங்களில் நாங்கள் செய்த காரியங்கள் அப்படி. திண்டிவனத்திலும் சுற்று கிராமங்களிலும் வீடு வீடாக நுழைந்தோம். ஆள் தேடினோம், நோட்டீஸ் தேடினோம். பானைகளைக் கவிழ்த்தோம். தெருவில் நாங்கள் நடந்தால் பேச்சு நின்றுவிடும். யாரும் திட்ட மாட்டார்கள்.

ரயில்வே மைதானத்தில் மேற்குப் பக்கம் வேப்ப மரங்கள். அவற்றின் நிழலில் சாமியானா போட்டு நாற்காலிகள். ரயில்வே துரைமார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், வக்கீல்கள், மிராசுதார்கள் அங்கே. நாற்காலிகளில் பாதி காலியாகவே கிடந்தன. மற்ற ஜனங்களுக்குக் கிழக்குப் பக்கம். அங்கே மரம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். லோகோ ஷெட்டிலிருந்து கரித்தூள் பறந்து வந்து வியர்வையில் ஒட்டிக்கொள்ளும்.

காலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அஞ்சலை என்ற பெண் தன் கூடையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். திண்டிவனம் மார்க்கெட்டில் பார்த்த முகம். நான் கேட்காமலே ஒரு படி வறுத்த மல்லாட்டையை அள்ளி என் பக்கம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"வாணாம்மா," என்றேன்.

"வாங்கிக்கங்க. அப்பால கூடையை எட்டி ஒதைக்கறதுக்கு இப்பவே வாங்கிக்கிறது மேலு," என்றாள்.

நான் வாங்கவில்லை. அவள் நம்பவும் இல்லை. கூடையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மாணிக்கம் போன வழி

கூட்டத்துக்குத் தண்ணீர் வண்டி ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது வரவேயில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது ஒருவன் எழுந்து என்னிடம் வந்தான். லோகோ ஷெட்டில் எஞ்சின்களின் சாம்பல் குழியில் வேலை செய்பவன். பெயர் மாணிக்கம். இமை மயிரில்கூடச் சாம்பல் படிந்திருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்தாலும் அவன் கைதட்டியது திண்டிவனத்துக்குத்தான். காரணம், திண்டிவனத்தின் பந்து வீச்சாளர் தாவீது. மிஷன் பள்ளி ஒன்றில் டிரில் வாத்தியார். சேரியில் பிறந்து வளர்ந்தவர். "நம்ம ஆளு" என்று மாணிக்கம் காலையிலிருந்து பக்கத்திலிருப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தொண்டை ஒட்டிக்கினு போச்சுங்க. அந்தாண்ட பானை வச்சிக்கிறாங்களே, ஒரு வாய் குடிச்சிட்டு வந்துர்றேன்," என்றான்.

"கயித்தைத் தாண்டக் கூடாது. மைதானத்துக்கு வெளியால சுத்திக்கினு போ," என்றேன்.

"ஜல்தியா வந்துர்றேங்க. அதுக்குள்ள அவரு இன்னொரு ஆளைத் தூக்கிடப் போறாரு."

அவன் போனான். எனக்குப் பின்னால் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த முகங்களில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு மாற்றம் வந்தது. யாரும் மேலே பார்க்கவில்லை. மூச்சை இழுக்கவில்லை. எல்லோரும் மைதானத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். தாடைகள் இறுகின. அஞ்சலை உடைத்துக்கொண்டிருந்த மல்லாட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அடப்பாவி," என்று மெதுவாகச் சொன்னாள்.

நான் விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன்.

சாமியானாவின் ஓரத்தில் மாணிக்கம் தரையில் கிடந்தான். எங்கள் இன்ஸ்பெக்டரின் கம்பு இன்னொரு முறை மேலே போய் இறங்கியது. அவன் பக்கத்தில் பித்தளை டம்ளர் ஒன்று கிடந்தது. துரைமார்களுக்கும் வக்கீல்களுக்கும் வைத்த பானையில் சாம்பல் குழிக்காரன் கை வைத்துவிட்டான். அங்கிருந்த வேலைக்காரன் கத்தியிருக்கிறான், இன்ஸ்பெக்டர் ஓடி வந்திருக்கிறார். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனைத் தூக்கிப் போலீஸ் லாரியில் ஏற்றித் திரையை இழுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது. தாவீது இரண்டு பேரை அவுட்டாக்கினார். யாரும் எழுந்து நிற்கவில்லை.

"இங்க தேடு"

பந்து வராமல் போனதும் முதலில் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள் என்றே ஆட்டக்காரர்கள் நினைத்தார்கள். போர்க்காலம். புதுப் பந்து கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. காலையில் ஆடிய பந்து லோகோ ஷெட் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஊறிப்போயிருந்தது. மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். "உள்ளே போய்த் தேடி எடுத்துட்டு வா," என்றார் என்னிடம்.

போனேன். ஜனங்கள் வழி விட்டார்கள். ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக் காட்டினார். இன்னொருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் தன் சோற்று மூட்டையைப் பிரித்து என் முன்னால் வைத்தார். கேப்பைக் களி உருண்டையும் ஒரு வெங்காயமும் இருந்தன.

"இங்க தேடு," என்றார். "போன தபா எங்க ஊட்டு அடுப்புல தேடினீங்க. சாம்பலைக்கூடக் கெளறினீங்க."

எனக்கு முன்னால் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏதோ நகர்வதும், நான் அங்கே போவதற்குள் வேறு பக்கம் போவதும் தெரிந்தது. அது எல்லோருடைய கை வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. அஞ்சலையிடம் வந்து நின்றேன்.

"பந்தைக் குடுத்துடச் சொல்லும்மா. பேஜாராப் போயிடும்."

"அந்த ஆளை வுடச் சொல்லுங்க. பந்து தானா வரும்."

"அவன் உங்க ஊருகூட இல்லியே."

"அதனால இன்னா? தண்ணி குடிக்கத்தானே போனான்? நீங்கதானே வழி காட்டி அனுப்பினீங்க? நான் கேட்டுக்கினுதானே இருந்தேன்."

திரும்பிப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன்.

"பந்து இருக்கு சார். குடுக்க மாட்டேங்கிறாங்க."

"யார் கிட்ட இருக்கு?"

"எல்லார் கிட்டயும் இருக்கு சார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "அந்த மாணிக்கத்தை நான்தான் சார் அனுப்பினேன். அவன் கயித்தைத் தாண்டலை. வெளியால சுத்திக்கினுதான் போனான்."

"டம்ளர் திருட்டுன்னு கேஸ் எழுதப் போறேன். நீ சாட்சி சொல்ல வர்றியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "உன்னை அப்புறம் பார்த்துக்கறேன். கம்பை எடு."

தூக்கிய கம்பு

அதற்குள் திண்டிவனம் அணியின் காப்டன், சீனிவாசன் என்ற இளம் வக்கீல், கயிற்றருகே ஓடி வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "ஒரே ஒரு விக்கெட்தான். வெளிச்சம் போகுது. நம்ம கோப்பை. தயவுபண்ணிக் கொடுத்துடுங்க," என்றார்.

பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "கப்பு இருக்கட்டும் சாமி. லாரியில குந்தவச்சிக்கிறாங்களே, அந்த ஆளைக் கேட்டு வாங்கிக்குடுங்க."

சீனிவாசன் இன்ஸ்பெக்டரிடம் போனார். ஆங்கிலத்தில் பேசினார். இன்ஸ்பெக்டர் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டு விசிலை ஊதினார்.

நாங்கள் வரிசையாகக் கம்பைத் தூக்கினோம். திண்டிவனத்தில் பல முறை இப்படித் தூக்கியிருக்கிறோம். தூக்கியவுடன் ஜனங்கள் ஓடுவார்கள். ஓடுகிறவன் முதுகில் அடிப்பது சுலபம். முகம் தெரியாது.

அன்றைக்கு அவர்கள் ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். என் கம்புக்கு நேர் கீழே அஞ்சலை இருந்தாள். மல்லாட்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரின் அடுத்த விசிலுக்காகக் காத்திருந்தோம். கம்பைத் தூக்கியபடி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோள்பட்டை நடுங்கத் தொடங்கியது. அஞ்சலை அண்ணாந்து பார்த்தாள்.

"அடிக்கிறதுன்னா அடிங்க. இல்லன்னா கையை எறக்குங்க. தோளு புடிச்சிக்கப் போவுது," என்றாள்.

அப்போது வெள்ளை உடுப்பில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். தாவீது. அன்றைக்கு எட்டு விக்கெட் எடுத்திருந்தவர். கயிற்றைத் தூக்கி, குனிந்து அந்தப் பக்கம் போய், கேப்பைக் களிப் பெரியவரின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சீனிவாசன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் போய் உட்கார்ந்தார். அணியில் பாதிப்பேர் வந்தார்கள். பாதிப்பேர் வரவில்லை. வராதவர்கள் சாமியானாப் பக்கம் போய்விட்டார்கள்.

அணியிலிருந்த வக்கீல் வீட்டுப் பிள்ளைகள் கூட்டத்தோடு உட்கார்ந்த பிறகு இரண்டாவது விசில் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ குடியானவர்கள் இருந்தார்கள். என்னைப் போன்ற குடும்பத்துக்காரர்கள். அவர்கள் ஊர்க் கிணற்றில் மாணிக்கம் கை வைத்திருந்தால் அவர்களே அவனை அடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவன் யார் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மேலிருந்த கோபத்தில் கேட்க மறந்தார்களா, வெயிலிலும் தாகத்திலும் அவனோடு உட்கார்ந்திருந்ததால் கேட்கத் தோன்றவில்லையா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. மறுநாள் அவரவர் கிணறு அவரவருக்கு என்றுதான் ஆகியிருக்கும். ஆனால் அந்தச் சாயங்காலம் கோப்பையை விட்டுக்கொடுத்தது அந்த மனிதர்கள்தான்.

வெளிச்சம் மங்கியது. நடுவர்கள் இருவரும் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்கள். ஆட்டம் சமன். சாமியானாவில் பெரிய துரை தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போனார். மற்ற நாற்காலிகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின.

காப்பதற்கு ஆட்டமும் இல்லை, துரையும் இல்லை. ஜனங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "அவனை எச்சரிச்சு விட்டாச்சுன்னு சொல்லு," என்றார்.

லாரித் திரைக்குள்

திரையை விலக்கினேன். மாணிக்கத்தின் கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. நெற்றியில் ரத்தம் சாம்பலோடு சேர்ந்து காய்ந்திருந்தது. கட்டை அவிழ்த்தேன். அவன் முதலில் கேட்டது என்னைப் பற்றியோ கேஸைப் பற்றியோ இல்லை.

"ஆட்டம் இன்னாங்க ஆச்சு? சத்தமே காணோமே."

சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஒரு விக்கெட்டுதானே பாக்கி? எனக்காவவா? குடுத்துத் தொலைச்சிருக்கலாமே. ரெண்டு நாளு உள்ள இருந்துட்டு வந்திருப்பேன். எனக்கு அது புதுசா?"

லாரியிலிருந்து இறங்கி நேராகத் தாவீதிடம் போனான். கொஞ்சம் தள்ளியே நின்றான். "என்னால கப்பு போச்சுங்களே," என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். அடி விழுந்தபோது அழுதானா என்று எனக்குத் தெரியாது.

தாவீது அவன் நெற்றியைத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மொதல்ல மருந்து போடணும். வாங்க," என்று கையைப் பிடித்து ரயில்வே டிஸ்பென்சரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது மாணிக்கம் எதையோ கேட்பதும், தாவீது கையைச் சுழற்றிக் காட்டிப் பதில் சொல்வதும் தெரிந்தது. அவன் பார்க்காமல் போன விக்கெட்டுகளைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

எங்கள் காலடியில் ஏதோ உருண்டு வந்து நின்றது. பந்து. யார் உருட்டியது என்று பார்க்க இன்ஸ்பெக்டர் திரும்பினார். ஜனங்கள் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஸ்டேஷனை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கண்டாச்சிபுரம்

அடுத்த மாதமே எனக்கு மாற்றல் வந்தது. கண்டாச்சிபுரம். தண்டனை என்று எழுதவில்லை, நிர்வாகக் காரணம் என்றார்கள். ரயில்வே ஆட்டமும் போர் முடியும் வரை நடக்கவில்லை. "பொது அமைதி" என்று காரணம் சொன்னார்கள்.

கண்டாச்சிபுரத்தில் சந்தை நாளில் ஒரு தகராறு. ஒரு ஜோடி மாடுகள், இரண்டு ஊர்க்காரர்கள், சுற்றிலும் பெரும் கூட்டம். இரண்டு பக்கமும் வண்டி ஓரத்தில் செருகியிருக்கும் முளைக்குச்சிகளை உருவிக் கையில் எடுத்துவிட்டார்கள். நான் ஒருவன்தான் போலீஸ். கம்பைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்திலிருந்த வண்டிக்குள் கம்பைப் போட்டுவிட்டு வெறும் கையோடு உள்ளே போனேன். "கொஞ்சம் வழி வுடுங்க," என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முன்னால் நின்றவர் என் கையைப் பார்த்தார். பிறகு விலகினார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் விலகினார். நடுவே போய் நின்றேன். மாடு யாருடையது என்று பேசி முடிக்க அந்தி ஆகிவிட்டது. சந்தை கலைந்தது. வண்டிகள் எல்லாம் போய்விட்டன.

கம்பு போட்டிருந்த வண்டியும் போய்விட்டது. அரசாங்கக் கம்பு. எந்த ஊர் வண்டி என்றும் தெரியாது. தொலைத்ததற்கு என்ன விளக்கம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்றிருந்தார். கால் முட்டி வரைக்கும் புழுதி. கையில் என் கம்பு.

"எங்க வண்டியிலயே வந்துடுச்சிங்க," என்று நீட்டினார்.